எங்கள் குழி, அவர்கள் குழி

என்னைக் கட்டிக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் அரை மணி நேரத்தில் முடிவெடுத்தவர். ஒரு மோட்டார் வாங்க அவருக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் போதவில்லை.

அவர் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். வருகிறவர்களின் மூக்கில் கனமான சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பதுதான் நாளெல்லாம் வேலை. வீட்டிலும் அதே கதை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு விளம்பரத் தாள்களை விரித்து வைத்து, "இதுவா, அதுவா?" என்பார். எத்தனை அடி உயரம் தூக்கும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், வயர் எவ்வளவு நீளம் என்று எல்லாவற்றையும் கரைத்துக் குடித்திருந்தார். தண்ணீர் மட்டும் வீட்டுக்குள் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

எங்கள் வீடு தெருவைவிடத் தாழ்வு. கட்டியபோது அப்படி இல்லை. தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போனது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்து பள்ளமாகிப் போனோம். மழை பிடித்துக்கொண்டால் டைல்ஸ் இடுக்குகளிலிருந்து தண்ணீர் ஊறும். கூரை ஒழுகினால் பாத்திரம் வைக்கலாம். தரை ஒழுகினால் எதை வைப்பது?

எங்கள் மகளுக்கு ஏழு வயது. மூச்சிரைப்பு. "ஈரம் போற வரைக்கும் பொண்ண அந்த வீட்ல படுக்க வைக்காதீங்க" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டதால் என் தங்கை வீட்டில் விட்டிருந்தோம். மூன்றாவது மாடி, நல்ல வெயில். தினமும் சாயங்காலம் போன் செய்தால் அவள் முதலில் கேட்பது, "அம்மா, தரை காஞ்சிடுச்சா?"

நான் வேலை பார்ப்பது சலவைக் கூடத்தில். ஆஸ்பத்திரித் துணிகளை மலை மலையாகக் காயவைத்து மடித்துக் கொடுக்கிறேன். ஒரு தரையைக் காயவைக்க வக்கில்லை. "இன்னும் கொஞ்ச நாள்தான் கண்ணு" என்று சொல்லும்போது எனக்கே என் மேல் எரிச்சலாக வரும்.

வீடு முழுவதும் எங்களுடையதும் அல்ல. மாமனார் இரண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். தெருவைப் பார்த்த முன்பாதி பெரியவருக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு. பின்பாதி எங்களுக்கு. நடுவில் ஒரு சுவர். தம்பி வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அண்ணன் அந்தச் சுவரை எழுப்பினார், எங்கள் பக்கம் அரை அடி தள்ளி. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எனக்கும் என் ஓரகத்திக்கும் எந்தச் சண்டையும் கிடையாது. வீட்டை ஒட்டிய சந்தில் துணி காயப்போடும் சாக்கில் நின்று, திருடிகள் மாதிரி பேசிக்கொள்வோம்.

பெரியவர் தன் பக்கம் ஊறும் தண்ணீர் வடிந்து சேர ஒரு குழி வெட்டி அரை எச்.பி. மோட்டார் இறக்கியிருக்கிறார் என்பது அந்தச் சந்தில்தான் என் காதுக்கு வந்தது. தெரியாத்தனமாக வீட்டில் சொல்லித் தொலைத்தேன். மறுநாளே என் வீட்டுக்காரர் எங்கள் பக்கமும் ஒரு குழி வெட்ட ஆள் வைத்துவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மோட்டார் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

கடைக்காரர் நிதானமான ஆள். தண்ணீருக்குள் இறக்கும் மோட்டார் ஒன்றை மேசைமேல் வைத்து, அதன் வயரில் தொங்கிய ஃப்ளோட்டைத் தூக்கிக் காட்டினார். "குழில தண்ணி ஏறுனா இது மிதந்து மேல வரும். மோட்டார் தானா ஆன் ஆயிடும். தண்ணி வத்துனா இதுவும் கீழ தொங்கிடும், ஆஃப். நீங்க வீட்ல இருக்கணும்னே இல்ல."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"குழி எவ்வளவு அகலம்?" என்று கேட்டார்.

"ரெண்டடி. ஆழம் ரெண்டரை," என்றார் என் வீட்டுக்காரர், பாடம் ஒப்பிப்பதுபோல.

"அப்ப அரை எச்.பி.யே தாராளம். தண்ணிய எங்க விடப்போறீங்க?"

"பக்கத்துச் சந்துல ஒரு சாக்கடை போகுது."

"அது ஓடுதா?"

"சாக்கடைன்னா ஓடத்தானே செய்யும்?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஒரு எச்.பி. குடுங்க."

"சார், அந்தக் குழிக்கு அவ்வளவு பெருசு வேண்டாம். நொடில காலி பண்ணிடும். திரும்பத் திரும்ப ஆன் ஆகி மோட்டார்தான் கெட்டுப்போகும்."

"பரவால்ல. ஒரு எச்.பி.யே குடுங்க."

இத்தனை நாள் படித்த படிப்பெல்லாம் அதோடு காற்றில் போனது. அவர் அந்த மோட்டாரைக் குழிக்காக வாங்கவில்லை, அண்ணனுக்காக வாங்கினார். எனக்கு அங்கேயே புரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எந்த மோட்டார் வந்தால் என்ன, மகள் வந்தால் போதும் என்றுதான் இருந்தது.

முதல் நாள் மோட்டார் சக்கைப்போடு போட்டது. குழி காலி, தரை வெளுக்கத் தொடங்கியது. நான் அவசரப்பட்டு மகளுக்கு போன் செய்து சொல்லிவிட்டேன். அவள் போட்ட கூச்சல் இன்னும் காதிலேயே இருக்கிறது. மறுநாள் எழுந்து தரையில் காலை வைத்தால் சில்லென்று தண்ணீர்.

அப்போதுதான் கவனித்தேன். எங்கள் மோட்டார் ஓடி நிற்கும். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் மோட்டார் ஓடும். அது நின்றதும் எங்களுடையது கிளம்பும். அண்ணன் தம்பி இரண்டு பேரும் பேசாத பேச்சையெல்லாம் அவை பேசித் தீர்த்தன.

சந்தில் ஓரகத்தியே ஆரம்பித்தாள். "உங்க மோட்டார் ஓடுனா எங்க குழி ரொம்பிடுது. நீ கவனிச்சியா?"

"உங்களுது ஓடுனா எங்களுது ரொம்புதுக்கா."

சலவைக் கூடத்திலிருந்து கொஞ்சம் சொட்டு நீலம் கொண்டுவந்து எங்கள் குழியில் கலக்கினேன். அன்று சாயங்காலம் ஓரகத்தி ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தங்கள் குழித் தண்ணீரை மொண்டு வந்து காட்டினாள். நீலம். இருவரும் சாக்கடையின் மூடிக் கற்களைப் புரட்டிக்கொண்டே போனோம். தெரு உயர்ந்தபோது பெரியவரும் தன் வாசற்படியை சிமெண்ட் கொட்டி உயர்த்தியிருந்தார். சாக்கடையின் வாய் அந்தப் படிக்கு அடியில் அடைபட்டுக் கிடந்தது. இரண்டு மோட்டாரும் போட்டி போட்டு இறைத்த தண்ணீர் எங்கேயும் போகவில்லை. சந்தில் தேங்கி, மண்ணில் இறங்கி, ஒருவர் குழியிலிருந்து அடுத்தவர் குழிக்கு வந்துகொண்டிருந்தது.

வழி ஒன்றுதான். அந்தப் படியை உடைத்துத் தெருச் சாக்கடை வரை பைப் போட வேண்டும். ஒரு நாள் வேலை.

நானே பெரியவரிடம் போய்க் கேட்டேன். "ஏன், உன் புருஷனுக்கு வாயில்லையா?" என்றார். "அவன் வந்து கேக்கட்டும். நானே படிய உடைச்சுத் தரேன்."

இதை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "அரை அடிய முழுங்கினவன்கிட்ட நான் போய் நிக்கணுமா?"

"பொண்ணுக்காகப் போய் நில்லுங்க," என்றேன்.

அவர் எழுந்து அந்தச் சுவரை ஒரு முறை பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு போனார். நான் சந்தில் நின்றேன். போன வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டார். "வாசல்ல நின்னேன். டிவி பாத்துட்டு இருந்தான். திரும்பிக்கூடப் பாக்கல. இனிமே அந்தப் பக்கம் என் செருப்புகூடப் போகாது."

பெரியவர் உண்மையிலேயே அவரைப் பார்க்கவில்லையாம். டிவி அலறிக்கொண்டிருந்ததாம். கூப்பிட்டிருந்தால் எழுந்து வந்திருப்பார் என்று ஓரகத்தி சத்தியம் செய்தாள். நான் சொல்லிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் காதில் ஏறவில்லை. அதற்குள் தம்பியின் ஒரு எச்.பி. பற்றிக் கேள்விப்பட்ட பெரியவர் ஒன்றரை எச்.பி. வாங்கி இறக்கியிருந்தார்.

மகள் போனில் தரையைப் பற்றிக் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். பிறகு கேட்பதே இல்லை. மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆண்கள் இருவரும் வெளியே போனதும், நானும் ஓரகத்தியும் இரண்டு மோட்டார்களின் பிளக்கையும் பிடுங்கிப் போட்டோம். குழிகளில் மொண்டு, அவள் வாசல் வழியாகவே வாளி வாளியாகச் சுமந்து தெருச் சாக்கடையில் கொட்டினோம். இடுப்பு விட்டுப்போனது. மத்தியானம் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஈரம் இல்லை. தங்கைக்கு போன் செய்து மகளைக் கூட்டி வரச் சொன்னேன்.

அவள் உயரமாகியிருந்தாள். உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றிக் கீழே விடாமல் கையில் வைத்துக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து கால்களை மேலே தூக்கி மடக்கிக்கொண்டாள். "கீழ வை கண்ணு, காஞ்சிருக்கு பாரு" என்றேன். "பரவால்லம்மா" என்றாள், யாரோ விருந்தாளி மாதிரி.

அவளைப் பார்க்கவென்றே அவள் அப்பா கடையிலிருந்து ஓடி வந்தார். மகளுக்குக் காட்ட வேண்டுமே என்ற ஆசையில் பிளக்கைச் செருகி, குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். ஃப்ளோட் எழும்பியது. மோட்டார் உறுமியது. "பாத்தியா, அப்பா தொடவே இல்ல, தானா ஓடுது!"

அவள் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சூடாக இருந்தன. கொஞ்ச நேரம் பொறுத்து மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, எப்ப வீட்டுக்குப் போறது?"

"இதுதானே கண்ணு வீடு," என்றார் அவர்.

அவள் அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு சித்தியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருட்டுவதற்குள் இருமல் வந்துவிட்டது. என் தங்கை என் முகத்தைப் பார்க்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அவர்கள் போன பிறகு நான் பீரோவைத் திறந்து மகளின் மீதித் துணிகளை எடுத்தேன். எல்லாவற்றிலும் பூஞ்சை வாடை. சலவைக் கூடத்தில் நன்றாக வெளுத்துக் காயவைத்து அனுப்ப வேண்டும் என்று மடித்துப் பையில் வைத்தேன். பள்ளிச் சீருடை, ஸ்வெட்டர், போர்வை. எதையும் இங்கே விட்டுவைக்கவில்லை. அழுகை வந்தது. அழுதுகொண்டே மடித்தேன்.

என் வீட்டுக்காரர் மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரில் இரண்டு விளம்பரத் தாள்கள். நான் அழுவது அவருக்குக் கேட்காமல் இல்லை.

"ரெண்டு எச்.பி.ல ரெண்டு மாடல் இருக்கு," என்றார் குனிந்தபடியே. "இதுவா, அதுவா?"

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவரின் மோட்டார் ஓடத் தொடங்கியது.