வேனில் எழுதியிருந்த எண்

டார்லா கொஸ்கேலா தன் அலுவலகத்துப் போனை எடுத்துத் தன் பெயரைச் சொல்லக் கூடாது. ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவு அப்படி. "வார்ம் ஹட், வீட்ல சூடு இல்லையா?" என்றுதான் கேட்க வேண்டும். பதினோரு வருஷமாக அப்படியே கேட்டுக் கேட்டு, ஒருமுறை தேவாலயத்தில் பக்கத்து வரிசைக்காரி செல்போனை நீட்டியபோதும் வாயில் அதுவே வந்துவிட்டது.

அந்த எண்ணைக் கூப்பிடக் காசு ஆகாது. மனப்பாடம் செய்யவும் வேண்டாம். போன் பொத்தான்களில் எண்களோடு உள்ள ஆங்கில எழுத்துகளைப் பார்த்து 'வார்ம் ஹட்' என்று அழுத்தினால் போதும். எண்ணை வைத்திருப்பது அரிசோனாவில் ஒரு கம்பெனி. நாடு முழுக்க, ஏரியா கோடு ஒன்றுக்கு ஒரு ஹீட்டர் ரிப்பேர்க்காரர் என்று வாடகைக்கு விட்டிருக்கிறது. மிச்சிகனின் வடகோடியில், 906-இல் தொடங்கும் போனிலிருந்து கூப்பிட்டால் இஷ்பெமிங்கில் டார்லாவின் மேஜையில் மணி அடிக்கும். அடுத்த மாநிலத்து 715 போனிலிருந்து கூப்பிட்டால் வேறு யாரோ எடுப்பார்கள். யார் என்று டார்லாவுக்குத் தெரியாது. வாடகைதாரர்கள் ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்பது பதினான்காவது பிரிவு.

அப்பா காலத்தில் கடையின் பெயர் 'கொஸ்கேலா ஹீட்டிங்'. எண்ணை எடுத்த முதல் குளிர்காலத்திலேயே அழைப்புகள் மூன்று மடங்காயின. வேன்களிலிருந்து பழைய பெயரைச் சுரண்டிவிட்டு எண்ணை எழுதினார்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்த அட்டைகள் ஆயிரக்கணக்கில் போயின. ஹாக்கி மைதானத்துப் பலகையிலும் அதே எண். வேறு எந்த எண்ணையும் விளம்பரம் செய்யக் கூடாது என்று இன்னொரு பிரிவு இருந்ததால், அப்பாவின் பழைய எண்ணை வெட்டிவிட்டாள். அது இப்போது பக்கத்து ஊரான நீகானியில் நாய்களுக்கு முடிவெட்டும் பெண்ணிடம் இருக்கிறது. எப்போதாவது ஒரு கிழவர் அங்கே கூப்பிட்டு வீடு குளிர்கிறது என்பார். அவளும் சளைக்காமல், "வார்ம் ஹட்டைக் கூப்பிடுங்க" என்பாள்.

ஜனவரி இரண்டாம் வாரம், புதன்கிழமை காலை. வெளியே ஃபாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு. அரிசோனாவிலிருந்து ப்ரென்ட் அல்கயர் கூப்பிட்டான். வாடகைதாரர்களைக் கவனிக்கும் ஆள்.

"டார்லா! எப்படி இருக்கீங்க? இங்க வெயில் பல்லைக் காட்டுது. சட்டையைக் கழட்டிட்டு உக்காந்திருக்கேன்."

"போட்டுக்கோ ப்ரென்ட். விஷயத்தைச் சொல்லு."

சிரித்தான். "நல்ல சேதிதான். பிப்ரவரி ஒண்ணுலேர்ந்து 715 காலியாகுது. உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன். எடுத்துக்கறீங்களா?"

"இப்ப யார் வெச்சிருக்காங்க?"

"அது சொல்லக் கூடாதே. அவரோட ஒப்பந்தம் முடியுது. நாங்க நீட்டிக்கல."

"அவருக்குத் தெரியுமா?"

"முறைப்படி தெரியப்படுத்துவோம்."

"நான் வேணாம்னா?"

ப்ரென்ட் கொஞ்சம் நிறுத்தினான். கோபமில்லை; பல் டாக்டர் ஊசி போடுமுன் நிறுத்துவது போல. "ரெண்டு பக்கத்தையும் ஒரே கையில குடுக்கணும்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. நீங்க வேணாம்னா, எடுத்துக்கற இன்னொருத்தர் 906-ஐயும் சேர்த்துத்தான் எடுப்பார். உங்க ஒப்பந்தமும் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்கில்ல? வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் யோசிங்க."

வைத்துவிட்டான். எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த ராய்ஸ், அப்பா காலத்து மெக்கானிக், புருவத்தைத் தூக்கினார்.

"வாடகையை ஏத்திட்டானா?"

"இல்ல. வீட்டையே கேக்கறான். நம்ம வீடா, அடுத்தவன் வீடான்னு என்னையே சொல்லச் சொல்றான்."

"நம்ம வீடுன்னு யாரு சொன்னா முதலாளியம்மா? கதவுல பேரு கூட இல்ல." ராய்ஸ் கோப்பையைக் கழுவப் போனார். "வேன்ல இருந்த உங்கப்பா பேரை நான்தான் சுரண்டினேன். லேசுல வரல. கடைசில ஹேர் டிரையர் வெச்சுக் காட்டித்தான் உரிச்சேன்."

டார்லா கணக்குப் பார்த்தாள். காசை அல்ல, ஆட்களை. எண் போனால் இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் அவளைக் கூப்பிடும் வழி தெரியாது. ராய்ஸையும் சேர்த்து மூன்று மெக்கானிக்குகள். அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க, வேறொருவன் இதே ஊரில், இதே எண் எழுதிய வேனில் வந்து, அவள் பராமரித்த ஹீட்டர்களைக் கழற்றுவான். கதவைத் திறக்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. தெரியாதபடி இத்தனை வருஷம் கவனமாகச் செய்து வைத்தவள் அவள்தான்.

பத்தே முக்காலுக்கு மணி அடித்தது.

"வார்ம் ஹட், வீட்ல சூடு இல்லையா?"

"இல்லீங்க. வெண்டலைக் கொஞ்சம் அனுப்பறீங்களா? அவருக்கு எங்க ஹீட்டர் தெரியும். கிறிஸ்டி ட்ராம்ப்னு சொல்லுங்க, லயோனாவில."

லயோனா 715-இல் இருக்கிறது. நூறு மைலுக்கு மேல். டார்லா திரையில் எண்ணைப் பார்த்தாள்: 906.

"உங்க போன் எங்க வாங்கினது?"

"நீகானில. எங்கம்மா ஊரு. கல்யாணமாகி மூணு வருஷமாச்சு, நம்பரை மாத்தல. போன தடவை என் புருஷன் போன்லேர்ந்து கூப்பிட்டேன், வெண்டலோட மனைவி எடுத்தாங்க. நீங்க அவங்க இல்லையா?"

ஆள் இடம் மாறியிருந்தாள், போன் மாறவில்லை. எண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் போனின் ஊர்தான்.

"இல்லம்மா. வீட்டுக்குள்ள எவ்வளவு டிகிரி?"

"ஐம்பத்தொண்ணு. எப்பவும் அறுபத்தெட்டு இருக்கும். இறங்கிட்டே இருக்கு. குழந்தைக்கு ஆறு வாரம்."

"ஹீட்டர்லேர்ந்து வெளியில நீட்டிட்டிருக்கற வெள்ளைக் குழாயில பனி அடைச்சிருக்கா?"

"சுரண்டியாச்சு. வெண்டல் போன வருஷமே சொல்லிக் குடுத்தாரு."

"சரி. கேஸ் அடுப்பைப் பத்தவெச்சுக் குளிர் காயாதீங்க. குழந்தையோட ஒரே ரூம்ல இருங்க, கதவைச் சாத்திக்கோங்க. வெண்டலோட சொந்த நம்பர் இருக்கா?"

"இதுதானே அவர் நம்பர்?" கிறிஸ்டிக்கு எரிச்சல் வந்தது. "காந்தத்துல இதுதாங்க போட்டிருக்கு!"

"அவரை நானே பிடிச்சு அனுப்பறேன்," என்றாள் டார்லா. அதே காந்தம்தான் இவள் மேஜை விளக்கிலும் ஒட்டியிருந்தது.

வெண்டலைப் பிடிக்க ஒரே வழிதான் தோன்றியது. அந்தப் பக்கத்து ஹீட்டர்க்காரர்கள் எல்லோரும், மாநில எல்லை பார்க்காமல், உதிரி பாகத்துக்கு அயர்ன் மவுண்டன் ஊரிலுள்ள மொத்தக் கடைக்குத்தான் வருவார்கள். கல்லாவில் டூயி நிற்பான். அவனுக்குத் தெரியாத வேன் கிடையாது.

"வெண்டலா? க்ராண்டன் வெண்டல் ஸ்டாக். நல்லாத் தெரியுமே," என்றான் டூயி போனில். "நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி வேன்ல வந்து நிக்கிறீங்க. இத்தனை நாளா அண்ணன் தங்கச்சின்னுல்ல நினைச்சேன், சண்டை போட்டுக்கிட்டுப் பேசறதில்லைன்னு."

"நம்பரைக் குடு டூயி."

"உங்க வார்ம் ஹட் எண்ணையே போடுங்களேன்."

"போட்டா நானே எடுப்பேன்."

டூயி சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து எண்ணை வாங்கினாள். பதினான்காவது பிரிவு பதினோரு வருஷத்தில் முதல்முறையாக உடைந்தது. வெண்டலின் மனைவி எடுத்தாள். இருபது நிமிஷத்தில் வெண்டல் லயோனா சாலையில் இருந்தார்.

மாலை ஐந்து மணிக்கு அவரே கூப்பிட்டார். தடித்த, நிதானமான குரல்.

"தீ பத்தவைக்கற பாகம் விரிசல் விட்டிருந்தது. மாத்திட்டேன். குழந்தை தூங்குது. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு பழக்கதோஷத்துல வார்ம் ஹட் எண்ணைப் போட்டேன். என் பொண்டாட்டி எடுத்து, 'வீட்ல சூடு இல்லையா?'ன்னு கேட்டா. அப்புறம்தான் டூயிகிட்ட உங்க நம்பரை வாங்கினேன்."

டார்லா சிரித்தாள்.

"வெண்டல், உங்க ஒப்பந்தம் எப்ப முடியுது?"

"இந்த மாசம். ஏன்?"

"உங்க பக்கத்தை எடுத்துக்கறியான்னு இன்னிக்குக் காலைல ப்ரென்ட் என்னைக் கேட்டான்."

அவர் வேனின் இண்டிகேட்டர் டிக் டிக் என்று கேட்டது. ஓரம் கட்டியிருப்பார் போல.

"உங்க பக்கத்தை எடுத்துக்கறியான்னு என்னைப் போன வாரமே கேட்டான்," என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"நேத்து சரின்னுட்டேன்." குரல் தணிந்தது. "பேரு சொல்லல அவன். நானும் கேக்கல. கேட்டிருக்கணும்."

டார்லாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். காலையில் அவளும் ஒரே ஒரு முறைதான் கேட்டாள். சொல்ல மாட்டேன் என்றதும் விட்டுவிட்டாள்.

"எழுத்துல குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல. வெள்ளிக்கிழமை பேப்பர் அனுப்பறேன்னான். இப்பத்தானே புரியுது, எதுக்குக் காத்திருக்கான்னு. ரெண்டு பேர்ல யாரு அதிக வாடகை குடுக்கறாங்கன்னு பாக்கறான்." மூச்சு விட்டார். "நான் முடியாதுன்னு சொல்லிடறேன். நீங்களும் சொல்லிடுங்க."

"ரெண்டு பேரும் முடியாதுன்னா மூணாவது ஆளுக்குக் குடுப்பான்."

"குடுப்பான்."

"நான் மட்டும் சொல்லிட்டு, நீங்க சொல்லலைன்னா?"

"அதே பயம் எனக்கும் இருக்கு," என்றார் வெண்டல். "முகம் கூடப் பார்த்ததில்ல நாம."

வியாழக்கிழமை முழுக்க மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அந்த வாசகத்தைச் சொல்லும்போது டார்லா பிப்ரவரியை நினைத்துப் பார்த்தாள். லயோனாவிலிருந்து, க்ராண்டனிலிருந்து கூப்பிடுவார்கள். வெண்டல் வீடு என்று நினைத்துத்தான் பேசுவார்கள். இல்லை என்று சொல்ல ஒன்பதாவது பிரிவு விடாது. விடும் என்றாலும் சொன்னால் வியாபாரம் நடக்காது. நூறு மைல் தள்ளியிருந்து, "நாளன்னிக்கு ஆள் வரும்" என்று சொல்ல வேண்டும், ஆறு வாரக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு. எடுக்காவிட்டால் அதே பொய்யை இந்தப் பக்கத்து ஜனங்களிடம் வேறொருவன் சொல்வான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ராய்ஸிடம் கேட்டாள்.

"எடுத்துக்க," என்றார் அவர், கறி அடைத்துச் சுட்ட பேஸ்டி ரொட்டியை இரண்டாகப் பிட்டபடி. "எனக்கு அறுபத்து மூணு. வேற எங்க போவேன்? ஆனா போனை நீதான் எடுக்கணும். என்னால அந்த லயோனாப் பொண்ணுகிட்டப் பொய் சொல்ல முடியாது."

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு அடிக்கும்போது ப்ரென்ட் கூப்பிட்டான்.

"வேணாம் ப்ரென்ட்."

"டார்லா, நிதானமா யோசிச்சீங்களா? அந்தப் பக்கத்துல சரின்னு சொல்லிட்டாங்க."

அவன் பொய் சொல்கிறானா, வெண்டல் சொல்லிவிட்டாரா என்று கண்டுபிடிக்க வழியில்லை. வெண்டலைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால், அவர் சொல்லும் பதிலைப் பொறுத்துத் தன் பதில் மாறும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் கேட்கவில்லை.

"சரி. அப்ப முப்பத்தொண்ணாம் தேதியோட முடியுது," என்றான் ப்ரென்ட். குரலில் வருத்தம் கூட இருந்தது. "அதுவரைக்கும் ஒன்பதாவது பிரிவு இருக்கு, மறந்துடாதீங்க. அழைப்பெல்லாம் பதிவாகுது. மீறினா அன்னிக்கே துண்டிச்சிடுவோம்."

மீதி பதினெட்டு நாள். வீடுகளில் ஆயிரக்கணக்கான காந்தங்கள். மணி அடித்தது.

"கொஸ்கேலா ஹீட்டிங். டார்லா பேசறேன்."

"ஓ... மன்னிச்சுக்கோங்க, தப்பா அடிச்சுட்டேன்," என்றது ஒரு வயதான குரல். வைத்துவிட்டது.

ராய்ஸ் பேஸ்டியை மெல்வதை நிறுத்தினார். டார்லா போனிலிருந்து கையை எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. திரையில் அதே எண்.

வாயில் பழைய வாசகம் தயாராக வந்து நின்றது. அதைச் சொன்னால் இந்த வீட்டுக்குப் பத்து நிமிஷத்தில் வேன் போகும். பதினெட்டு நாள் ஓட்டலாம்.

"கொஸ்கேலா ஹீட்டிங், டார்லா. வெச்சுடாதீங்க, நீங்க சரியாத்தான் அடிச்சிருக்கீங்க."

"டார்லாவா? பாதிரியார் வீட்டுப் பக்கத்துல இருக்கற டார்லாவா? நான் க்ளேடிஸ் ஹென்ட்ரிக்சன்மா. நான் வார்ம் ஹட்டையில்ல கூப்பிட்டேன். நீ அங்க என்ன பண்றே?"

"இங்கதான் இருந்தேன் க்ளேடிஸ். பதினோரு வருஷமா." போனில் அடுத்த இணைப்பின் விளக்கு மினுக்கத் தொடங்கியிருந்தது. யாரோ காத்திருக்கிறார்கள், அல்லது ப்ரென்ட். "ராய்ஸ் கிளம்பிட்டாரு. அதுக்குள்ள ஒரு பென்சில் எடுத்துட்டு வாங்க. என் சொந்த நம்பரைச் சொல்றேன், எழுதிக்கோங்க."

"பென்சில் எங்க வெச்சேன்னு தெரியலையே," என்றாள் க்ளேடிஸ். செருப்பைத் தேய்த்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போகும் சத்தம் கேட்டது.

டார்லா காத்திருந்தாள். இணைப்பு இன்னும் இருந்தது.