உறவுக்காரன் சத்தியம்

எங்கள் மலைக் கிராமத்துச் சத்தார்குலின் குதிரையைக் கொன்றது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்று நான் ஏன் அப்படித் தயங்கினேன் என்று உங்களுக்குப் புரியாது. கணவாய்ச் சாலையில் காலைப் பனிமூட்டம். குறுக்கே வந்த குதிரை மேல் என் வண்டி மோதியது. குதிரை பள்ளத்தில் உருண்டு ஆற்றோடு போயிற்று. பார்த்தவர் யாருமில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் முதல் நாள் ஒரு கேள்வி எழுதிப் போடுவேன்: சட்டப்படி சரியாக இருப்பதெல்லாம் நியாயம் ஆகுமா? பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கும் அது வெறும் பாடம்தான்.

குதிரையைக் காணோம் என்றதும் பழி என் தம்பி மைராம்பேக் மேல் விழுந்தது. சத்தார்குலோடு நடந்த மேய்ச்சல் தகராறில், "உன் குதிரை இந்தக் குளிர்காலத்தப் பார்க்காது" என்று நாலு பேர் முன்னால் கத்தியிருந்தான். வாய்க்கொழுப்பு. நூலக அறையில் பெரியவர்கள் சபை கூடியது.

எங்கள் வழக்கத்தில் குற்றம் சாட்டப்பட்டவன் தனக்காகச் சத்தியம் செய்ய முடியாது. அவன் உறவில் யார் செய்வது என்று பறிகொடுத்தவன்தான் சொல்வான். உறவுக்காரன் ரொட்டியைப் பிடித்துச் சத்தியம் செய்துவிட்டால் வழக்கு முடிந்தது. பொய் சொன்னால் அந்த ரொட்டி அவனையும் அவன் பிள்ளைகளையும் அடிக்கும். என் மகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

"குபாத் வாத்தியார் சொல்லட்டும்," என்று என்னைக் காட்டினார் சத்தார்குல். "அந்த மனுஷன் வாயில பொய் வராது. அவரு சொன்னா நான் பேசாம எந்திரிச்சுப் போயிடறேன்."

சபைத் தலைவர் தொக்தோசுன் ரொட்டியை நீட்டினார். நான் அதை வாங்காமல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தேன்.

"என்ன வாத்தியாரே, வகுப்புல மட்டும்தான் பேச்சு வருமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் ரொட்டியை வாங்கினேன்.

"என் தம்பி இந்தக் குதிரையத் தொடல. பொய்யின்னா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. சத்தார்குல் வந்து என்னைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து தோளில் கை போட்டார். "உங்க தம்பியச் சந்தேகப்பட்டுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க," என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பிறகு அவரே சொன்னார்: "அப்ப ஷெர்மத்துதான். குதிரை அவன் பொறுப்புலதான இருந்துச்சு."

ஷெர்மத் அவருடைய மேய்ப்பன். மலைக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று வருஷம் முன்பு தனியாக வந்தவன். கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"உனக்குச் சத்தியம் பண்ண யாருப்பா இருக்கா?" என்று கேட்டார் தொக்தோசுன்.

"யாருமில்லீங்க."

"ஆளில்லேன்னா நாங்க என்ன செய்ய? குத்தம் உம்மேலன்னு எழுதிப் போலீசுக்கு அனுப்ப வேண்டியதுதான்."

குரலில் கோபமே இல்லை. விதி அப்படி. அறையில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை.

தம்பி என் காதருகே குனிந்தான். "வாண்ணே, போலாம். நமக்கெதுக்கு?"

ஷெர்மத் என்னையே பார்த்தான். "வாத்தியாரே, உங்க வார்த்தைக்கு இங்க மறுபேச்சில்ல. எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நான் எடுக்கலீங்க."

நான் எழுந்து போயிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். சபை என்னைக் கேட்காது, ரொட்டியும் என்னை அடிக்காது. ஷெர்மத்தைப் பிடித்துக்கொண்டு போவார்கள், நான் மறுநாள் வகுப்புக்குப் போவேன். அப்படிப் போய்விடுவேனோ என்றுதான் மிகவும் பயந்தேன்.

"ஷெர்மத் எடுக்கல," என்றேன். ரொட்டி இன்னும் கையில்தான் இருந்தது.

தொக்தோசுன் புருவத்தைச் சுருக்கினார். "அவன் உங்க ரத்தமுமில்ல, சனமுமில்ல. எடுக்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கணவாய்ல அதும்மேல மோதினது என் வண்டி."

சத்தார்குலின் கை என் தோளிலிருந்து விலகவில்லை. மெல்ல நகர்ந்து என் சட்டைக் காலரை இறுகப் பிடித்தது.