கதவுக்குப் பின்னால் பேசியவர்

பஞ்சை எண்ணெயில் நனைத்து, கூடத்துக் கட்டிலில் கிடத்தியிருந்த கணவரின் கன்னத்தை அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் அதைச் செய்யத் தோன்றவில்லை. நேற்று மாலை நாடகத்துக்காகப் பூசிய ரோஸ் பவுடரும், புருவத்தின் மேல் தடித்து இழுத்த மையுமாக அப்படியே துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். காலையில் பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், "முகம் எவ்வளவு களையா இருக்கு பாரு, தூங்கற மாதிரி" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். களையாம், களை! நாடகக் கோஷ்டியின் மருந்துக்கடைக்காரி அப்பிய சாயத்துக்குப் பெயர் களையாம்.

"அண்ணி, நகருங்க. நான் செய்யறேன்" என்றான் கொழுந்தன்.

"வேணாம் தம்பி. நீ போய்க் குளி. ராத்திரியிலேருந்து நீ கண்ணு மூடலை. மத்தியானம் மயான வண்டி வந்துடும்."

அவன் கொடியில் துண்டைத் தேடினான். கிடைக்கவில்லை. வெறுங்கையோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கணவருடைய ஒரே தம்பி. மாடியில் தனியாக இருக்கிறான், அச்சகத்தில் வேலை. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது, உறவுக்காரர்களுக்குச் சொன்னது, மயானத்தில் நேரம் கேட்டது எல்லாம் அவன்தான். இப்போதைக்கு இந்த உலகத்தில் அவள் நம்புகிற ஒரே ஆளும் அவன்தான். மற்றவர்கள்மேல், அதாவது அந்த நாடகக் கோஷ்டியின்மேல், அவளுக்கு வயிறு எரிந்தது.

நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன அரங்கத்தில் வருஷத்துக்கு இரண்டு நாடகம் போடுகிற கோஷ்டி அது. பெரிய கலைஞர்கள் என்று ஒருவரும் கிடையாது. தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நாடகத்தை எழுதி, இயக்கி, எல்லோரையும் அதட்டுவார். அதனால் அவர் வாத்தியார். மருந்துக்கடை வைத்திருப்பவள் கதாநாயகியாக நடித்துக்கொண்டே மற்றவர்களுக்கு மேக்கப்பும் போடுவாள். கதாநாயகன் ஒரு தையல்காரன். அவனுடைய ஒட்டு மீசை எந்த நாடகத்திலும் கடைசிக் காட்சிவரை தாங்கியதில்லை என்பதால் அவனுக்குப் பெயரே மீசை. கொழுந்தனுக்குத் திரைக்கயிறு இழுக்கிற வேலை. அவள் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவர். வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அந்த மனிதர் மேடை ஏறினால் நூறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

கல்யாணமான புதிதில் 'இதெல்லாம் ஒரு வேலையா' என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தவள்தான் அவளும். ஒரு தடவை போய்ப் பார்த்தாள், அவ்வளவுதான். பக்கத்துத் தெருத் தையல்காரன் ராஜகுமாரனாக வந்து நிற்பதும், அவன் வாளின் பிடி கழன்று கீழே விழுவதும், அதை எடுத்துக் கொடுத்துவிட்டு எதிரி சண்டையைத் தொடர்வதும் வேறெங்கே கிடைக்கும்? அதற்குப் பிறகு முன் வரிசையில் நடு நாற்காலி அவளுடையது. அவள் முதலில் சிரிப்பாள், அப்புறம் அரங்கம் சிரிக்கும். நாடகம் போட்ட ராத்திரிகளில் கணவர் வீட்டுக்கு வந்து, "எந்த இடத்துல ரொம்பச் சிரிச்சே?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்காகவே அவள் கவனித்துச் சிரிப்பாள்.

நேற்றைய நாடகத்தில் அவர் ஒரு வீட்டின் சொந்தக்காரர். குடித்தனக்காரனைக் காலி செய்யச் சொல்லி மிரட்ட வருகிறார், வந்த இடத்தில் அவசரத்துக்கு அவன் குளியலறைக்குள் போகிறார், தாழ்ப்பாள் மாட்டிக்கொள்கிறது. இடைவேளைக்குப் பிறகு முழுக்க அவர் உள்ளேயிருந்து கத்துவார். வெளியே நின்று மீசை பேரம் பேசுவான். வசனம் மனப்பாடம் ஆகாத அவருக்காகவே வாத்தியார் எழுதிய வேஷம் அது. கதவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், ஒரு குட்டி விளக்கு, தட்டியில் குத்திவைத்த தாள்கள். பார்த்துப் படித்தால் போதும்.

திரை மறுபடி விலகிக் கொஞ்ச நேரத்துக்குள் அவர் ஸ்டூலிலிருந்து சரிந்து விழுந்திருக்கிறார். நாடகம் நிற்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து வசனம் வந்துகொண்டே இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள், சைரனை அணைத்துவிட்டுப் பின்வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், விளக்குப் போடுகிற ஆளைத் துணைக்கு ஏற்றி அனுப்பிவைத்திருக்கிறார்கள். அத்தனையும் நடந்தபோது அவள் முன் வரிசையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். முடிவில் எல்லோரும் வரிசையாக வந்து வணக்கம் சொன்னார்கள். அந்தக் கதவு மட்டும் திறக்கவில்லை. "போதும், வெளிய வாங்க!" என்று அவள் கத்தினாள். அதற்கும் அரங்கம் சிரித்தது.

புருஷனைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு, பெண்டாட்டிக்கு வேடிக்கை காட்டியிருக்கிறார்கள். இதைவிட அவளுக்குத் தாங்காதது இன்னொன்று. அது அவர் குரல் இல்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. அவள் குடிநீர் வாரியத்தில் போனில் புகார் வாங்குகிறவள். 'ஹலோ' என்றதுமே எந்தத் தெரு, எந்த வீட்டம்மா, நிஜமாகவே தண்ணீர் வரவில்லையா அல்லது பக்கத்து வீட்டுக்காரர்மேல் கடுப்பா என்று சொல்லிவிடுவாள். அவளை ஒரு குரல் ஏமாற்றிவிட்டது. வீட்டில் கணவர் அந்த வசனங்களைப் படித்துப் படித்து அவளுக்கே மனப்பாடம் ஆகியிருந்தது. எதிர்பார்த்தது வந்தது, சிரித்தாள். யார் வாயிலிருந்து வந்தது என்று காது கவனிக்கவில்லை. அந்தக் காதை அறுத்து எறியலாம் என்று இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வாத்தியாரும் மருந்துக்கடைக்காரியும் மீசையும் ஒரு மலர் வளையத்தோடு உள்ளே வந்தார்கள். மூவருக்கும் கண்கள் வீங்கியிருந்தன. அவள் எழுந்திருக்கவில்லை.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, டாக்டர் சொன்னதைக் கேட்டேல்ல? விழுந்தப்பவே போயிடுச்சு. நாம ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

"ஆமாக்கா. விழுந்தப்பவே போயிடுச்சு" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"விழுந்தப்பவே போயிடுச்சுக்கா" என்றான் மீசை.

அவள் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். "மூணு பேரும் ஒத்திகை பாத்துட்டு வந்தீங்களா?"

மீசை தலையைக் குனிந்துகொண்டான், அவள் விடவில்லை.

"யார் பேசினது?"

"அது இப்ப எதுக்கு தங்கச்சி..."

"எனக்குத் தெரியணும். இங்க என் புருஷன் கிடக்கறார். நேத்து அவர் குரல்ல பேசி என்னைச் சிரிக்க வச்சது யாரு?"

"நாடகத்தை நடுவுல நிறுத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்? நூறு பேரும் எழுந்து ஓடியிருப்பாங்க. அந்தச் சந்துக்குள்ள ஆம்புலன்ஸே வந்திருக்க முடியாது. நல்லதுக்குத்தான்..."

"நூறு பேரை யார் எழுப்பச் சொன்னது? என்னை ஒருத்தியை எழுப்பியிருக்கலாமே! முன் வரிசைங்க. மேடையிலேருந்து கையை நீட்டினா எட்டும். ஒருத்தருக்கும் கை நீளலையா?"

வாத்தியார் வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மீசைக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான், பாவம்.

"அக்கா, நீங்க சிரிச்சதை வச்சுத்தான் எங்களால முடிக்க முடிஞ்சது. சத்தியமா சொல்றேன். உள்ள நடந்தது எனக்குப் பாதியில தெரிஞ்சுபோச்சு, அங்கேயே உடைஞ்சு அழுதிருப்பேன். உங்க சிரிப்புதான் இழுத்துட்டுப் போச்சு. நேத்து மாதிரி நீங்க ஒருநாளும் சிரிச்சதில்லக்கா."

மருந்துக்கடைக்காரி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சொன்னது சொன்னதுதான். அவனைப் பொறுத்தவரை அது பாராட்டு. மேடையில் நிற்கிறவன் ஒரு ரசிகைக்குச் சொல்லக்கூடிய அதிகபட்ச நன்றி.

அவள் எழுந்தாள். எண்ணெய்க் கிண்ணம் உருண்டு தரையெல்லாம் கொட்டியது.

"வெளிய போங்க. மூணு பேரும் போங்க! தோள் கொடுக்கத்தானே வந்தீங்க? அவர் மேல உங்க விரல் படக்கூடாது. நேத்து பின்வாசல்ல தூக்கினது போதும்!"

அப்போது குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "யாருங்க வெளிய? என்ன சத்தம்? கொஞ்சம் துண்டு எடுத்துக் குடுங்களேன்!"

அவள் அப்படியே நின்றாள். மரக்கதவில் பட்டு, அடிப்பகுதி கனத்து, கடைசிச் சொல் லேசாக இழுபட்டு வந்த குரல். அண்ணன் தம்பி இருவருக்கும் நேரில் வேறு வேறு குரல்தான். நடுவில் ஒரு பலகை வந்தால் ஒன்றாகிவிடுகிறது. அவள் திரும்பி மூன்று பேருடைய முகத்தையும் பார்த்தாள். மருந்துக்கடைக்காரி சுவரைப் பார்த்தாள். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். கேள்வியே தேவைப்படவில்லை.

அலமாரியைத் திறந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கதவருகே போனாள்.

"தம்பி."

"குடுங்க அண்ணி." தாழ்ப்பாள் அசைந்தது.

"திறக்காதே. அங்கேயிருந்தே சொல்லு. நேத்து பேசினது நீதானே?"

உள்ளே குழாய் நின்றது. அவன் பேசுவான் என்று தெரிந்து அவள் காத்திருந்தாள். ராத்திரி முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அந்தக் கோஷ்டியைத் திட்டத் திட்ட 'ஆமா அண்ணி, ஆமா அண்ணி' என்றவன்.

"நான் கயித்துக்கிட்ட நின்னுட்டிருந்தேன் அண்ணி. அண்ணன் சரிஞ்சாரு. ஓடிப் போறதுக்குள்ள விழுந்துட்டாரு. வெளிய மீசை கேள்வியைக் கேட்டுட்டு நிக்கிறான், பதில் வரல. ஜனங்க காத்திருக்காங்க. அந்த நேரம் இருக்கே... எங்களால அதைத் தாங்க முடியாது. என்னை அறியாமலே வாய் பேசிடுச்சு. நீங்க சிரிச்சீங்க."

"நான் சிரிச்சேன்."

"ஒண்ணு பேசினேன், உடனே அடுத்தது வந்துடுச்சு. அப்புறம் எங்க நிறுத்தறதுன்னு தெரியல."

"அவருக்கு உயிர் இருந்ததா?"

உள்ளே வாளி நகரும் சத்தம் கேட்டது.

"விழுந்தப்பவே போயிடுச்சுன்னு மட்டும் நீயும் சொல்லாதே."

"இருந்தது அண்ணி." குரல் கதவருகே வந்தது. "கண்ணைத் திறந்துதான் இருந்தாரு. மடியில போட்டுக்கிட்டேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. தாளைக் காட்டினாரு. மேல படின்னு."

அவள் துண்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "என்னைக் கூப்பிடுன்னு சொல்லலையா?"

"வாய் வரல அண்ணி."

"வாய் வராட்டி என்ன? தாளைக் காட்டத் தெரிஞ்சுதே. என் பக்கம் கையைக் காட்டலையா?"

"இல்ல அண்ணி" என்றான்.

"வண்டியில ஏத்தினப்ப? அப்ப இருந்ததா உயிர்?"

"தெரியாது அண்ணி. நான் பேசிட்டிருந்தேன்."

துண்டைக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு அவள் கூடத்துக்கு வந்தாள். அந்த மூன்று பேரும் போகவில்லை. வாசற்படியைத் தாண்டியும் தாண்டாமலும் நின்றார்கள். நாற்காலிகளில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு நேரம் யார்மேல் கோபப்பட வேண்டும் என்று அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வாத்தியாரைத் திட்டினாள், மீசையைத் திட்டினாள், பேசியவனைத் தேடினாள். கட்டிலில் கிடந்தவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. செத்தவரை யார் திட்டுவார்கள்? ஒரு கன்னம் சுத்தமாகவும் மறு கன்னம் ரோஸாகவும் அவர் பாட்டுக்குக் கிடந்தார்.

அவள் கட்டிலருகே போய் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மேல படின்னீங்களாமே."

நாற்காலியில் இருந்த ஒருத்தி அவள் தோளைத் தொட எழுந்தாள். அவள் தள்ளிவிட்டாள்.

"நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு. நாடகம் நின்னுடக் கூடாது, அதானே? முன்னால ஒருத்தி உக்காந்திருந்தாளே, இருபத்திரண்டு வருஷம் உங்ககூடக் குடித்தனம் பண்ணினவ, அவ வந்து பக்கத்துல உக்காரணும்னு தோணலையா உங்களுக்கு? நான் வந்திருப்பேனே. நாடகம் கெட்டுப்போனா போகட்டும்னு மேடை ஏறி வந்திருப்பேனே. அது தெரிஞ்சுதான் கூப்பிடலையா? சொல்லுங்க. அந்தக் கடைசி நேரத்துல உங்களுக்கு நான் வேணுமா, நான் சிரிக்கறது வேணுமா?"

வாத்தியார் மீசையைப் பார்த்தார். மீசையின் உதடு துடித்தது. மருந்துக்கடைக்காரி மூச்சை இழுத்துப் பிடித்தாள். கேள்வி கேட்கப்பட்டுப் பதில் வராமல் நிற்கிற நேரம் அந்த மூன்று பேரையும் படாத பாடு படுத்தியது. குளியலறைக் கதவு திறந்தது. தலை ஈரம் சொட்ட, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொழுந்தன் வந்து நின்றான்.

"அண்ணி, அண்ணன் அப்ப..." என்று ஆரம்பித்தான்.

அவள் திரும்பாமலே கையை உயர்த்தினாள்.

"நீ பேசாதே தம்பி. அவர் சொல்லட்டும்."

அவன் நிறுத்திக்கொண்டான். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கணவருடைய முகத்தைப் பார்த்தபடி இருந்தாள்.