அழகரத்தினம் வீட்டு முப்பத்தைந்து

அழகரத்தினத்துக்கு இரண்டு பிடிவாதம். சேட்டில் ஒரு சுருக்கம் கண்டாலும் வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டான். தன் கணக்குப் பிழையென்று ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டான். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து அவிந்தவள் அவன் பெண்சாதி இரத்தினம்மா.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. சண்டையில் கம்பி அறுந்து, ஆரையம்பதியில் அவர்களுடைய சின்னத் தெருவுக்கு, எட்டு வீட்டு ஒழுங்கைக்கு, கரண்ட் வந்து இரண்டு வருசமாயிற்று. எட்டு வீட்டாரும் சேர்ந்து ஒரு சின்ன ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரேயொரு அறுபது வாற்று பல்ப். பொழுதுபடுகிற நேரத்தில் இரண்டு மணித்தியாலம். வேறு எந்தச் சாமானையும் லைனில் கொழுவக்கூடாது. ரேடியோ திருத்துகிற அழகரத்தினம்தான் அந்த மெசினுக்கு ராசா.

நாளைக்குக் கண்ணகை அம்மன் சடங்கு. அதே மெசினிலிருந்துதான் கோயிலுக்கும் லைன் போகிறது. இரண்டு வருசத்துக்குப் பிறகு அம்மாளுக்கு வெளிச்சம். கோயிலை நடத்துகிற வண்ணக்கர் அவன் கையைப் பிடித்து, "தம்பி, இடையில நிண்டா ஊர் மானம் போயிடும்" என்று சொல்லியிருந்தார். மெசினோ மூன்று நாளாக இடையில் நின்றுகொண்டிருந்தது. ஆரோ களவாக எதையோ கொழுவுகிறார்கள்.

அந்தக் கள்ளி வேறு யார், நம்முடைய இரத்தினம்மாதான்! சேட்டுத் தேய்க்கச் சிரட்டைக்கரியை ஊதி ஊதிக் கண் எரிந்துபோனவள். தங்கச்சி சவூதியிலிருந்து கொண்டுவந்த கரண்ட் அயன்பெட்டி, புருசன் தொடக்கூடாது என்று சொன்ன நாள் தொடக்கம் அலுமாரிக்குள் தூங்கியது. மூன்று நாளாக அவள் அதை எழுப்பி, பல்ப் கொழுவும் இடத்திலேயே பக்கவாட்டில் கொழுவிவிட்டாள். ஒரு சேட்டுக்குப் போதுமான சூடு ஏறுவதற்கும் மெசின் படுப்பதற்கும் சரியாக இருக்கும். அவனும் சேட்டைப் போட்டுக்கொண்டு, "கரியில தேய்ச்சாத்தான் புள்ள இந்த மடிப்பு விழும்" என்று நெஞ்சை நிமிர்த்துவான். அவள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொள்வாள்.

நாலாம் நாளும் மெசின் நின்றது. இந்த முறை அழகரத்தினம் அதற்குப் பக்கத்திலேயே காவல் இருந்தான்.

"ஆரும் ஒண்டையும் கழட்டப்படாது! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினான்.

இரத்தினம்மா பதறி அயன்பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். வயரைக் கழற்ற நேரமில்லை. ஒழுங்கைக்கு ஓடிவந்தாள்.

"மீற்றரை என்ர கண்ணால பாத்தன்," என்றான் அவன். "எட்டு பல்புக்கும் ரெண்டு அம்பியர் ஓடுற இடத்தில அஞ்சேகால் ஓடிரிக்கி. மூண்டேகால் கூட! வோல்ற்று இருநூற்று முப்பது. ரெண்டையும் பெருக்கினா ஏழுநூற்றம்பது வாற்று. அது அயன்பெட்டி! வோல்ற்றை அம்பியரால பிரிச்சா அதின்ர தடை எழுபது. எந்த வீட்டு வயரில எழுபது காட்டுதோ அதுதான் கள்ளன்ர வீடு. அம்மாளாணை, அந்த வீட்டு லைனை இண்டைக்கே வெட்டுறன்!"

அவள் தன் வீட்டு வாசலை மறைத்து நின்றாள். ஆனாலும் இதை நாம் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், மனிசன் கணக்கில் கெட்டிக்காரன்.

ஒழுங்கையின் கடைசியில், அந்தலை வீட்டில் தொடங்கினான். கந்தப்போடியின் வயரைக் கழற்றி மீற்றரை வைத்தான். எழுபது!

"புடிபட்டாய் கந்தப்போடி!"

"நானோ? வீட்டில கோவணம் தேய்க்கவும் நாதியில்லடா எனக்கு!" என்று கிழவன் குதித்தான். உள்ளே போய்த் தேடினார்கள். பல்பைத் தவிர ஒன்றுமில்லை. அடுத்தது ஆச்சிப்பிள்ளை வீடு. அங்கேயும் எழுபது. மூன்றாம் வீடு, எழுபது. ஏழு வீட்டிலும் எழுபது, எழுபது என்று மீற்றர் கிளிப்பிள்ளைபோலச் சொன்னது.

"ஏழு வீட்டிலயும் அயன்பெட்டியெண்டா உன்ர மெசின் வெடிச்செல்லோ இரிக்கும்?" என்றாள் ஆச்சிப்பிள்ளை. ஒழுங்கையே கொல்லென்று சிரித்தது.

அழகரத்தினம் நெற்றியில் அடித்துக்கொண்டான். அணைந்து ஆறின பல்பின் தடையை அளந்திருக்கிறான், மடையன்! பல்பின் இழை எரிந்து சூடேறினால்தான் தடையும் ஏறும். ஆறிக் கிடந்தால் அறுபது வாற்று பல்பும் எழுபதுதான் காட்டும்.

இரத்தினம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது. "இஞ்சருங்க, அளந்தது காணும் வாங்க. நாளைக்குச் சடங்கு."

"எங்க போறாய்?" என்று கந்தப்போடி மறித்தான். "எங்கட வீட்டையெல்லாம் அளந்தாய். உன்ர வீட்டையும் அள!"

அளந்தான். மீற்றர் முள் எழுபதில் நிற்கவில்லை. முப்பத்தைந்தில் போய் நின்றது.

ஆறின பல்ப் எழுபது, அதன் பக்கத்திலேயே இன்னொரு எழுபது. இரண்டு வழியாலும் கரண்ட் ஓடினால் தடை சரிபாதி. அவனுக்கு அதை ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. மெல்லத் திரும்பிப் பெண்சாதியைப் பார்த்தான். அவள் அவன் சேட்டின் மடிப்பைப் பார்த்தாள். அவனும் குனிந்து அதைப் பார்த்தான்.

"எவ்வளவுடா?" என்றான் கந்தப்போடி.

எழுபது என்று ஒரு பொய் சொன்னால் போதும். மீற்றரை வாசிக்கத் தெரிந்தவன் அந்த ஒழுங்கையில் வேறு எவனுமில்லை. ஆனால் அம்மாளாணை என்று சொல்லிவிட்டானே! தலையைக் குனிந்துகொண்டு, "முப்பத்தஞ்சு" என்றான்.



"கேட்டீங்களா கா!" என்று கந்தப்போடி கையைத் தட்டினான். "நமக்கெல்லாம் எழுபது, இவனுக்குப் பாதி! ஊருக்கு வெளிச்சம் தாற மனிசன் தன்ர வீட்டில அரைவாசிக் கரண்ட்தான் எடுக்கிறான்!"

"இல்ல, அது அப்பிடியில்ல, தடை குறைஞ்சா..." என்று அழகரத்தினம் விளக்க வாயெடுத்தான். ஆர் கேட்டார்கள்? ஆணையிட்டபடி கத்தியை எடுத்துத் தன் வீட்டு லைனைத் தானே வெட்டினான்.

"ஐயோ, தன்ர விளக்கையும் அம்மாளுக்கே குடுத்திட்டான்!" என்று ஆச்சிப்பிள்ளை கண்ணைத் துடைத்தாள்.

அடுத்த நாள் சடங்கில் மெசின் ஒருதரமும் நிற்கவில்லை. வண்ணக்கர் சனத்துக்கு முன்னால் அழகரத்தினத்தை அழைத்து மாலை போட்டார். கசங்கிச் சுருங்கின சேட்டோடு அவன் நின்றான். அன்றைக்கு வீட்டில் கரண்டுமில்லை, கரி ஊத இரத்தினம்மா சம்மதிக்கவுமில்லை. "பாருங்க, தனக்கெண்டு ஒண்டும் வைக்காத மனிசன்" என்று பெண்கள் உருகினார்கள்.

இரத்தினம்மா சிரிப்பு வெடித்துவிடாமல் கண்ணை இறுக மூடிக் கும்பிட்டாள். "தாயே, இந்த ஊரில கணக்குத் தெரிஞ்சவள் நீ ஒருத்திதான். பூசை முடியுமட்டும் நீயும் சிரிச்சிடாத."