டம்ளருக்குள் இளஞ்சிவப்பு

மருமகள் வரைந்த கண்ணாடி டம்ளர் படத்தைக் கண்காட்சிக்காரர்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். பார்த்தால் கண்ணாடியாகவே தெரியவில்லையாம், ஈயம் பூசின பாத்திரம் மாதிரி இருக்கிறதாம். இந்த முறையும் திரும்பி வந்தால் தூரிகைகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவதென்று அவள் முடிவே செய்துவிட்டாள். படம் இன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும்.

சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு மை பாட்டில், மூடியில்லாத ஜாடி, தண்ணீர் ஊற்றிய டம்ளர். தொட்டால் கை இருக்காது என்று வீட்டுக்கே எச்சரிக்கை விட்டிருந்தாள்.

கண்ணாடிக்கென்று சொந்த நிறம் ஏது? பின்னால் இருப்பதும் பக்கத்தில் இருப்பதும்தான் அதற்குள் துண்டு துண்டாகத் தெரியும். அதனால் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணைப் பாதி மூடி, என்ன பொருள் என்று யோசிக்காமல் தெரிகிற நிறத்தை மட்டும் எண்ணெய் வண்ணத்தில் வைப்பாள். இன்று காலை டம்ளருக்குள் அருமையான இளஞ்சிவப்பு. ஜன்னல் திரையின் சாயல் போலிருக்கிறது என்று அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சிவப்பைக் குழைத்துப் பூசி, விளிம்பில் வெள்ளையை வரிசையாகத் தொட்டு வைத்தாள். டம்ளர் முதல் தடவையாகக் கண்ணாடியாகத் தெரிந்தது.

புருஷன் காபியோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"நல்லாருக்கு. ஆனா அப்பாவோட பல்செட்டை எதுக்கு வரைஞ்சே?"

அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். மாமனார் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கைக்குக் கிடைத்த டம்ளரில் பல்செட்டைப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். திரையோ பச்சை.

அந்த நேரம் பார்த்து மாமனாரே வந்து நின்றார். சலவைச் சட்டை, பொக்கை வாய். பழைய ஆபீஸ் சகாக்கள் கூட்டத்தில் இன்று அவர்தான் பேச்சாளர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனிதர். இந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வீட்டில் எல்லோர் காதையும் புண்ணாக்கியிருந்தார்.

"என் பல்லு எங்கேம்மா?"

அவள் டம்ளரைக் காட்டினாள். படத்தில் கீழ்வரிசை இன்னும் பாதி பாக்கி. பல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும் என்று எப்படிக் கேட்பாள்? தூரிகையைக் கீழே வைத்தாள்.

அவர் தண்ணீருக்குள் விரலை விட்டார். அப்போதுதான் படம் கண்ணில் பட்டது. குனிந்து வெகுநேரம் பார்த்தார். விரல் மட்டும் வெளியே வந்தது.

"அசைஞ்சிடுச்சா?"

"இல்ல மாமா."

"அப்ப முடிச்சிடு."

"உங்க பேச்சு?"

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

"சும்மா உட்கார்ந்துட்டு வரேன்மா. அவங்களும் கொஞ்சம் பேசட்டுமே."

செருப்பை மாட்டிக்கொண்டு, உதட்டை இறுக மூடியபடி அவர் படியிறங்கிப் போனார்.