நாலு கேட்டால்தான் ஒன்றரை

கடைத்தெருவில் பேருந்துக்குத் தனித்தடம் வரப்போகிறது, அடுத்த மாதம் முதல் கடை வாசலில் எந்த வண்டியும் நிற்கக்கூடாது என்று நகராட்சி நோட்டீஸ் ஒட்டியதும் தெருவே அதன் முன்னால் கூடிவிட்டது. வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கு அன்று சோறே இறங்கவில்லை. மற்ற கடைகளுக்கு மனிதர்கள் நடந்து வருவார்கள். எழுபது கிலோ மெஷின் நடந்து வராது. வண்டி நிறுத்தும் இடமோ பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு வரும் வாடிக்கையாளர் இன்னும் பிறக்கவில்லை. வாசலில் வண்டி நிற்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

வியாபாரிகள் சங்கம் பெயிண்ட் கடைக் கிடங்கில் கூடியது. ஆளுக்கொரு டின்மேல் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர் ஜவுளிக் கடைக்காரர். பச்சை கேட்டு வந்தவருக்கு நீலத்தை விற்று, போகும்போது நன்றியும் சொல்லவைக்கிறவர்.

"வாசல்ல வண்டி நிக்க நமக்கு நெஜமா தெனம் எவ்வளவு நேரம் வேணும்?" என்றார்.

"சரக்கு ஏத்தி எறக்க ஒண்ணரை மணி நேரம் போதும்ணே" என்றார் மெக்கானிக்.

"அப்ப நாலு கேப்போம். நகராட்சியில ஒண்ணும்பாங்க. நாம மூணும்போம். இழுத்துப் பிடிச்சு ஒண்ணரையில முடிச்சிடலாம். அந்த ஒண்ணரையை மட்டும் யாரும் வெளிய விடக்கூடாது. அது நம்ம அடக்க விலை. முக்கியமா நீ, தம்பி. உனக்கு மூஞ்சியிலயே விலைச்சீட்டு ஒட்டியிருக்கு."

ஒத்திகையும் நடந்தது. பேச்சு முறிகிற கட்டத்தில் தலைவர் சிரிப்பார். உடனே பெயிண்ட் கடைக்காரர் கோபித்துக்கொண்டு எழுந்து கதவு வரை போவார். அதிகாரி பதறிக் கூப்பிட்டு உட்காரவைப்பார். மெக்கானிக்குக் கொடுத்த வேலை, முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பது. அதற்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

"அண்ணன் பேசுவாருன்னு நீங்க பாட்டுக்குப் பொம்மையாட்டம் உக்காந்துட்டு வந்துடாதீங்க" என்றாள் மெக்கானிக்கின் மனைவி, கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டே.

"பொம்மையா உக்காரத்தான் என்னைக் கூட்டிட்டே போறாங்க."

நகராட்சியில் போக்குவரத்துப் பிரிவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்தவர் ஒரு பெண் அதிகாரி. மேசைமேல் பேருந்து நேர அட்டவணை விரிந்து கிடந்தது. மூவரும் மனுவைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"எவ்வளவு நேரம் கேக்கறீங்க?"

"நாலு மணி நேரம் மேடம். அதுல ஒரு நிமிஷம் கொறைஞ்சாலும் தெருவே படுத்துடும்" என்றார் தலைவர்.

அதிகாரியின் விரல் அட்டவணையில் மேலிருந்து கீழே இறங்கியது. "தொடர்ச்சியா நாலு மணி நேரம் எங்கயும் இல்லீங்க. முடியாது." மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதினார்.

தலைவர் புன்னகையோடு காத்திருந்தார். அவர் கடையில் 'முடியாது' என்றால் பேச்சு ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். அதிகாரியும் காத்திருந்தார், இவர்கள் எப்போது எழுந்து போவார்கள் என்று.

பெயிண்ட் கடைக்காரர் சிரிப்பைப் பார்த்துவிட்டார். "எங்க வயித்துல அடிக்கிறீங்க! வாங்கண்ணே, போலாம்!" என்று நாற்காலி கிறீச்சிட எழுந்தார். கதவு வரை போய்க் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

"சரி, போயிட்டு வாங்க" என்றார் அதிகாரி. "கதவைச் சாத்திடாதீங்க, அடுத்தவங்க வரணும்."

மூவரும் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார்கள்.

"பத்தடி போனதும் கூப்பிடுவாங்க" என்றார் தலைவர். பத்தடி நடந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ரெண்டடி நடந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

"ஏன்யா அவ்வளவு சீக்கிரம் எந்திரிச்சே?"

"நீங்கதானே சிரிச்சீங்க?"

"அது வேற சிரிப்புய்யா!"

மனுவின் ஓரத்தில் ஓடிய பேனாதான் மெக்கானிக்கின் கண்ணுக்குள் நின்றது. அவர் திரும்பி நடந்தார். "தம்பி, எங்க போறே? தம்பி!" என்ற குரல் முதுகில் மோதி விழுந்தது.

"மேடம், ஒண்ணரை போதும்."

"என்ன ஒண்ணரை?"

"ஒண்ணரை மணி நேரம். தெருவுக்கே அது போதும். எனக்கு ஒரு மெஷினை எறக்கப் பத்து நிமிஷம். அதுவும் இல்லேன்னா, நானும் வீட்டுக்காரியும்..."

"அப்புறம் ஏங்க நாலு கேட்டீங்க?"

"நீங்க கொறைப்பீங்கன்னுதான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "நான் கொறைக்கணும்னு எனக்கு யாரும் சொல்லலையே" என்றார். குரலில் கண்டிப்பு இல்லை. விரல் மறுபடியும் அட்டவணையில் இறங்கியது. "காலைல ஏழுலேருந்து எட்டரை. அது ஒண்ணுதான் தேறுது. உங்க தலைவர் கையெழுத்துப் போடணும்."

மெக்கானிக் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். கடைச் சாவியைக் கிணற்றில் போட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார் தலைவர்.

"அடக்க விலையைச் சொல்லிட்டியா? அதுவும் ஏழு மணியா? என் லாரிக்காரன் பதினொண்ணுக்கு முன்னாடி வந்ததே கெடையாது. அத்தனை மூட்டையையும் பாலத்துலேருந்து ஆள் வெச்சுத் தூக்கணும், தெரியுமா?"

"ஏழு அவங்க சொன்னதுண்ணே. நான் ஒண்ணரை மட்டும்தான் சொன்னேன். உங்களுக்கு ஒத்து வரலேன்னா வேண்டாம்." சொல்லிவிட்டாரே தவிர, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டியபடியே நின்றார்.

தலைவர் அந்தப் பேனாவையும் அவர் முகத்தையும் பார்த்தார். "மூட்டையையாவது ஆள் தூக்கலாம். இவன் மெஷினை எவன் தூக்குவான்?" என்று பெயிண்ட் கடைக்காரரிடம் எரிந்து விழுந்துவிட்டு உள்ளே போனார்.

கையெழுத்துப் போடும்போது பேனா நின்றது. "ஒம்போதுன்னு போட்டா நல்லாருக்குமே மேடம்?"

"எட்டரை" என்றார் அதிகாரி.

போட்டார்.

படியிறங்கும்போதே தலைவர் லாரிக்காரரைக் கைபேசியில் பிடித்தார். "தம்பி, அடுத்த மாசத்துலேருந்து காலைல அஞ்சு மணிக்கு என் கடை வாசல்ல நிக்கணும்."

"ஏழுண்ணே, ஏழு!" என்று மெக்கானிக் பதறினார். தலைவர் அவர் வாயைப் பொத்தினார். மறுமுனையில் லாரிக்காரர் கத்தியது படிக்கட்டு முழுக்கக் கேட்டது. அஞ்சாவது மண்ணாவது, ஒன்பதுக்கு முன்னால் வண்டியைக் கிளப்பவே மாட்டாராம்.

"ஒம்போதா? என்ன தம்பி, அடிமடியிலயே கை வைக்கிறே?" தலைவரின் முகத்தில் காலையிலிருந்து காணாத தெம்பு வந்தது. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு படியிலேயே வசதியாக உட்கார்ந்தார். மெக்கானிக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சுவிடாமல் காதைக் கொடுத்தார்.

"சரி, உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்" என்றார் தலைவர். "ஆறு."