சுடாத கால்

ஊரே விழுந்து கும்பிடுகிற காலில் நேற்று ஒரு முள் ஏறி, பொழுது சாயும்வரை கூடவே நடந்திருக்கிறது. நானும் அதை மகாராணிபோலச் சுமந்து திரிந்திருக்கிறேன். சம்பங்கிக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது.

போன வருஷம், சூளகிரிக்குப் பக்கத்திலுள்ள அவள் ஊரில் மாரியம்மனுக்குத் தீ மிதித்தபோது எல்லோரும் ஓடினார்கள். இவள் மட்டும் நடந்தாள். சில மாதமாகவே மரத்துக் கிடந்த கால் எங்கே விழுகிறதென்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. ஊர் அதை பக்தி என்றது.

குதிகால் வெந்திருந்ததைப் பாயில் பட்ட ஈரத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். மஞ்சளை அப்பி மறைத்தாள். நாலு மாதமாகியும் புண் ஆறவில்லை. தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எல்லை தாண்டி, மைசூர் ராஜ்யத்துப் பெங்களூருக்கு பஸ் ஏறினாள். அங்கே டாக்டர் கழுத்துக் கட்டிகளைத் தடவினார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் புற்றுநோய், மெதுவாக வளர்கிற ஜாதி என்றார். அது நரம்புக்குள் புகுந்து காலை மரக்க வைப்பது வெகு அபூர்வமாம். அவரே இரண்டாவது தடவையாகத்தான் பார்க்கிறாராம். சம்பங்கிக்கு வெட்கங்கெட்ட ஒரு பெருமை வந்தது. பந்தியில்கூட யாரும் கவனிக்காதவளை நோயாவது பொறுக்கி எடுத்திருக்கிறதே.

திரும்பி வந்ததும் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் நாலு பெண்கள் காலில் விழுந்துவிட்டார்கள். அவர்கள் தொட்டதுகூடத் தெரியவில்லை. குனிந்த தலைகளைப் பார்த்துத் திருநீறு பூசினாள். பிடித்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

இன்று பூசாரி சென்றாயன் காப்புக் கயிறோடு வந்திருந்தார். கூடவே பக்கத்து வீட்டு ராஜாத்தி, இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தையோடு.

"இந்த வாட்டியும் மொதல்ல நீதான் எறங்கோணும் சம்பங்கி. ராஜாத்தி கொழந்தையத் தூக்கிக்கிட்டு."

"வேண்டுதல்க்கா," என்றாள் ராஜாத்தி. "நான் தூக்கினா பயத்துல தடுக்கி விழுவேன். உனக்குத்தான் சுடவே சுடாதே."

"சுடாது. அது அம்மன் குடுத்ததில்ல ராஜாத்தி, சீக்கு. பெங்களூர் டாக்டரு சொன்னாரு."

சென்றாயன் சிரித்தார். "டாக்டரு கண்டாரு. அவர எறங்கச் சொல்லு, பாக்கலாம்."

"அவரு கத்திக்கிட்டு ஓடிருவாரு அண்ணா. நல்ல காலு இருக்கறவங்க அப்படித்தான். எனக்குத் தணலும் தெரியாது, தரையும் தெரியாது. போன வருஷம் விழாம வந்ததே பெருசு."

ராஜாத்தியின் முகம் சுருங்கியது. "எம் புள்ளைக்குன்னா மட்டும் ஆகாதாக்கா?"

சரி என்று ஒரு சொல் போதும், தெய்வமாகவே இருந்துவிடலாம். இல்லையென்றால் நாளைக்கே சீக்குக்காரி. தனித் தம்ளர், தனிப் பாய். இத்தனை நாள் பூசிய திருநீறெல்லாம் ஊர்வாயில் பொய்யாகிவிடும். அதில் பாதி பொய்தான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

குழந்தை அவள் பக்கம் தாவியது. அவள் வாங்கவில்லை. சென்றாயன் கயிற்றைப் பிரித்துக்கொண்டு, கையை நீட்டச் சொன்னார்.

சம்பங்கி இரண்டு கையையும் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"நான் எறங்கல அண்ணா," என்றாள்.